பாவாயியும் பாப்பாயியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் வேதியியல் மாணவி)

'பெயர்' என்னும் சொல்லிலிருந்துதான் பேரனும் பேத்தியும் பிறந்தார்கள். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. அவையே பேச்சு வழக்கில் பேரன், பேத்தி என்றாயின. இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வகுப்புத் தோழியரை ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். பாட்டியின் பெயரையே அழைக்கும் பெயராகக் கொண்டவள் ஒருத்திகூட இல்லை. சொல்லளவில் நாங்கள் எல்லாரும் பேத்திகள். பெயரளவில் ஒருவரும் அல்லர்!

சேலம், நாமக்கல் சமவெளியில் எழுபது வயது தாண்டிய பெண்களின் பெயர்களை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாவாயி, பாப்பாயி, நல்லாயி, நாச்சாயி, செல்லாயி, சின்னாயி, பொன்னாயி, பெரியாயி, பெருமாயி, குப்பாயி, சுப்பாயி, முத்தாயி, ராமாயி, கந்தாயி... ஒரே கூடையிலிருந்து எடுத்த காய்கள்போல் தோன்றும். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, இதில் என்ன வேறுபாடு?" என்று நம் நண்பர்கள் நகைப்பதுண்டு. வேறுபாடு உண்டு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு என் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் என்று மூன்று சேர்மங்களைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். முன்னே நிற்கும் 'ஈத்' இரண்டு கார்பன் அணுக்கள் என்பதைச் சொல்லும். பின்னே வரும் விகுதி அவற்றிடையே உள்ளது ஒற்றைப் பிணைப்பா, இரட்டையா, மூன்றா என்பதைச் சொல்லும். காதுக்கு மூன்றும் உடன்பிறப்புகள். குணத்தில் வேறு வேறு. நம் பாட்டிமார் பெயர்களும் இவ்வாறே அமைந்தவை. 'செல்லம்' என்பது பகுதி. அதனோடு அம்மாள் சேர்ந்தால் செல்லம்மாள். ஆயி சேர்ந்தால் செல்லாயி. ஆத்தாள் சேர்ந்தால் செல்லாத்தாள். கண்ணு சேர்ந்தால் செல்லக்கண்ணு. பகுதி அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும். விகுதி அவள் பிறந்த ஊரையும் வீட்டையும் பற்றிப் பேசும். கோவைப் பக்கம் போனால் ஆத்தாள் மிகுதி; நம் பக்கம் ஆயி மிகுதி.

இந்த 'ஆயி' கொச்சைச் சொல் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. சங்கத் தமிழில் என் தாய் 'யாய்', உன் தாய் 'ஞாய்', அவன் தாய் 'தாய்' என்று மூன்று சொற்கள் இருந்தன. மூன்றிலும் நிற்பது 'ஆய்' என்னும் ஒலியே. நம் வீடுகளில் பாட்டியை 'ஆயா' என்று அழைக்கிறோமே, அதுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்த சொல்தான். ஆகவே பிறந்த குழந்தைக்கு 'ஆயி' என்று முடியும் பெயரை வைப்பது அவளைத் தாயே என்று கூப்பிடுவதற்கு ஒப்பாகும். இரண்டு நாள் குழந்தையைத் தாயே என்று விளிக்கும் மரியாதையை வேறு எந்தப் பெயர் தருகிறது?

இனி இணைகளைப் பார்ப்போம்.

பாவாயி, பாப்பாயி இரண்டும் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் என்னும் அளவுக்கு உண்டு. பாப்பாயி எளிது: பாப்பா என்பதோடு ஆயி சேர்ந்தது. வீட்டின் கடைக்குட்டி அறுபது வயதிலும் பாப்பாவாகவே இருந்துவிடுவாள். பாவாயி அப்படியன்று. அது 'பாவை' என்பதன் வழி வந்ததென்பது என் எண்ணம். பாவை என்றால் பொம்மை, பெண், கண்ணின் கருமணி. கொல்லிமலை நம் கண்ணெதிரே நிற்கிறது. அம்மலையில் இருந்ததாகச் சொல்லப்படும் கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர் பலர் பாடியிருக்கிறார்கள். கண்டோரை மயக்கும் அழகுக்கு அவர்கள் காட்டிய உவமை அது. அந்த மலையடிவாரத்தில் பாவாயிகள் நிறைந்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் நினைத்துப் பார்க்க இனிக்கிறது. குச்சிக்கிழங்கு தோலுரித்துக் காய்ப்பேறிய கைகளோடு சேகோ பேக்டரி வாசலில் உட்கார்ந்திருக்கும் பாவாயிக்குத் தன் பெயர் சங்க இலக்கியத்தின் பக்கத்தில் நிற்கிறது என்று தெரியாது. அவள் பேத்திக்கும் தெரியாது. மேஸ்திரியின் கூலி நோட்டில் அவள் 'காட்டுக்கொட்டாய்ப் பாவாயி'. இன்னொருத்தி 'மேட்டுத்தெருப் பாவாயி'. அவ்வளவே.

பெரியாயி, பெருமாயி என்பவை அடுத்த இணை. பெரியாயி பிறந்த வரிசையைக் குறிப்பது. மூத்தவள் பெரியாயி, இளையவள் சின்னாயி. பெரியாயி என்னும் பெயரில் அம்மன் வழிபாடும் உண்டு. பெருமாயியோ பெருமாளின் பெயர் பெண்பாலாகி வந்தது. இரண்டெழுத்து மாறியதும் உறவு முறையிலிருந்து கோயிலுக்குப் போய்விடுகிறோம். நல்லாயி, நாச்சாயி இணையும் அத்தகையதே. நாச்சாயியில் உள்ளது நாச்சி, அதாவது தலைவி. ஆண்டாளை நாச்சியார் என்கிறோமே, அதே சொல். நல்லாயியில் உள்ளது 'நல்' என்னும் அடை. நப்பின்னை, நச்செள்ளை என்னும் பழம்பெயர்களின் முன்னே நிற்கும் 'ந' இந்த நன்மையைக் குறிப்பதே என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் சங்ககாலப் பெண்பாற் புலவர். அவரும் நம் நல்லாயியும் பெயர் வகையில் உறவினர் எனலாம்.

குப்பாயியும் சுப்பாயியும் எதுகையால் மட்டுமே இணைந்தவர்கள். சுப்பாயி சுப்பிரமணியன் பெயரால் வந்தவள். குப்பாயி குப்பையால் வந்தவள். முன் பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், புதிதாய்ப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துவந்து, 'இது எங்களுடையதன்று, குப்பையில் கிடந்தது' என்று எமனை ஏமாற்றுவார்கள். அப்படிப் பிழைத்தவள் குப்பாயி, பிழைத்தவன் குப்புசாமி. பிச்சையெடுத்த காசில் பெயர் வைத்தால் பிச்சாயி, பிச்சைமுத்து. தெலுங்கிலும் குப்பையைக் குறிக்கும் 'பெண்ட்ட' என்னும் சொல்லால் பெண்ட்டம்மா, பெண்ட்டய்யா என்று பெயர்கள் உண்டு. ஜப்பானில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சி செலுத்திய ஹிதேயோஷி தம் முதல் மகனுக்கு 'எறியப்பட்டது' என்னும் பொருள்படச் 'சுதே' என்று பெயரிட்டார். அக்குழந்தை இறந்தது. 1593இல் அடுத்த மகன் பிறந்தபோது 'பொறுக்கியெடுத்தது' என்னும் பொருளில் 'ஹிரோய்' என்று அழைத்தார். ஜப்பானை ஆண்டவரும் நம் ஊர்க் குடியானவரும் மரணத்தின் முன் ஒரே தந்திரத்தைத்தான் கையாண்டிருக்கிறார்கள். திரைப்பட நகைச்சுவையில் குப்பாயி, குப்பம்மா என்று கூப்பிட்டுவிட்டாலே கொட்டகை சிரிக்கிறது. அப்பெயருக்குப் பின்னே இரண்டு மூன்று சின்னக் குழிகள் இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

குப்பாயியாவது வேண்டுமென்று வைத்த பெயர். வேண்டாமென்று வைத்த பெயர்களும் நம்மிடையே உண்டு. வரிசையாகப் பெண்ணாய்ப் பிறந்த வீட்டில் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்தார்கள். மராட்டியத்தில் இதையே 'நக்கோசா' என்பார்கள். 2011இல் அங்குள்ள சதாரா மாவட்டத்தில் இப்பெயர் கொண்ட 200க்கும் மேற்பட்ட சிறுமியருக்கு ஒரு விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டினார்கள். நம் மாவட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பெண் சிசுக்கொலையைத் தடுக்க அரசு கொண்டுவந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது சேலத்தில்தான். போதும்பொண்ணு என்று பெயர் பெற்றவளுக்கு உயிராவது மிஞ்சியது. பெயரே பெறாமல் போனவர்களும் இம்மண்ணில் இருந்தார்கள். பழைய பெயர்கள் எல்லாம் அழகு, எல்லாவற்றையும் மீட்போம் என்று யாரேனும் மேடையில் முழங்கினால், இந்தப் பெயரைக் காட்டி நான் எதிர்ப்பேன்.

நிற்க. அம்மாளுக்கும் ஆயிக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி ஒரு சொல். காடு தோட்டம் உள்ள வீடுகளிலும் ஆயிப் பெயர்கள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் கிரயப் பத்திரங்களில் அம்மாள்கள் மிகுதி. கூலி நோட்டுகளில் ஆயிகள் மிகுதி. சேரியில் பிறந்த மாரியம்மாள் ஊர்க்காரர் வாயில் வெறும் மாரி ஆவதும், ஊரில் பிறந்த மாரி அம்மாளாக உயர்வதும் அண்மைக்காலம் வரை கண்கூடு. பெயரின் வாலை நறுக்குவதும் ஒட்டுவதும் சாதியின் கையில் இருந்தது. இதனால்தான் படித்து மேலே வந்தவர்கள் முதலில் கழற்றி எறிந்தது தங்கள் பெண்களின் பெயரில் உள்ள 'ஆயி'யை. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த தலைமுறைக்குப் பெயர் தந்தது திரைப்படமும் அரசியலும் எனலாம். 1935இல் சேலத்தில் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நம் மாவட்டத்துக்கே பெருமை. அவர்கள் 1942இல் 'மனோன்மணி' எடுத்தார்கள். 1947இல் 'ஆயிரம் தலை வாங்கிய அபூர்வ சிந்தாமணி' எடுத்தார்கள். மனோன்மணி, சிந்தாமணி, ராஜாமணி, கண்மணி, நாகமணி என்று மணிகள் ஒலித்த காலம் அது. பிறகு கமலா, விமலா, நிர்மலா. சாந்தி, வசந்தி, ஜெயந்தி. திராவிட இயக்கம் வளர்ந்தபோது தேன்மொழி, கனிமொழி, கயல்விழி, மலர்விழி, பூங்கொடி, மலர்க்கொடி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபின் வானதிகளும் குந்தவைகளும் தோன்றினார்கள். வியப்பு என்னவென்றால் அக்கதையில் சூழ்ச்சிக்காரியான நந்தினியின் பெயரே இன்று வகுப்புக்கு ஒன்றேனும் இருக்கிறது! ஒலி இனித்தால் குணத்தை யாரும் கேட்பதில்லை போலும்.

இப்போது எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டுக்கு வாருங்கள். சத்தியப்பிரியா, சண்முகப்பிரியா, விஷ்ணுப்பிரியா. கார்த்திகா, கோபிகா, மோனிகா. ஹரிணி, தாரணி, தர்ஷினி. நானும் இந்த மூன்று வரிசைகளுள் ஒன்றில் நிற்பவள்தான். எதில் என்று சொல்லமாட்டேன். பேராசிரியர் வேகமாகப் பெயர் வாசிக்கும்போது ஒருத்திக்கு இருவர் எழுந்து நிற்பது அன்றாட நிகழ்ச்சி. பாட்டிமார் பெயர்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்று நகைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விகுதியைப் பிடித்துக்கொள்கிறது. முன்பு ஆயி, இன்று இகா, இனி. முன்னே ஜாதகத்தின் எழுத்து, பின்னே நாகரிகத்தின் விகுதி: அசுவினி நட்சத்திரமா, சு, சே, சோ, ல என்று தொடங்கு, ஏதேனும் நடுவில் போடு, 'இகா' என்று முடி. நல்லாயி என்றால் நல்ல தாய் என்று குழந்தைக்கும் விளங்கும். இன்று வைக்கும் பெயர்கள் பலவற்றுக்குப் பொருள் கேட்டால் வைத்தவர்களே விழிக்கிறார்கள்.

மேலை நாடுகளில் பாட்டி பெயர்கள் திரும்பிவருகின்றன. அமெரிக்காவில் 1880இல் எம்மா என்பது பெண்குழந்தைகளுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட மூன்றாவது பெயர். பிறகு அது கிழவிகளின் பெயராகிக் கீழே போயிற்று. அதே எம்மா 2014 முதல் 2018 வரை ஐந்தாண்டும் முதலிடத்தில் இருந்தது. எல்லா, அன்னா, ஏவா என்று ஒலியொத்த கிழவிகளும் அவளோடு கூடவே திரும்பிவிட்டார்கள். பாட்டியை நேரில் அறியாத கொள்ளுப்பேத்தியின் காலத்தில் பெயரிலிருந்த கிழத்தன்மை உதிர்ந்துவிடுகிறது போலும்.

நம்மிடம் நடப்பது வேறு. நாமும் பழமைக்குத் திரும்புகிறோம். ஆனால் பாட்டியின் தலைக்கு மேலே தாண்டிக் குதித்துத் திரும்புகிறோம். ஆதிரை வேண்டும், ஔவை வேண்டும், வெயினி வேண்டும். ஈராயிரம் ஆண்டுப் பழமை அழகாயிருக்கிறது. எழுபது ஆண்டுப் பழமை கூச்சமாயிருக்கிறது. காரணம் ஒலியன்று. 'பாவை' என்றால் கவிதை, 'பாவாயி' என்றால் களையெடுப்பு என்று நம் காது பழகியிருக்கிறது. சங்ககாலத்து ஆதிரை கூலிக்குப் போனதை நாம் பார்த்ததில்லை. பாவாயி போனதைப் பார்த்திருக்கிறோம். அந்த உழைப்புதான் நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியது என்பது வேறு செய்தி.

தெய்வத்தோடு ஒட்டிய பெயர்களுக்கு இந்தக் கூச்சம் குறைவு. நாமக்கல் நாமகிரித் தாயாரை எடுத்துக்கொள்ளுங்கள். கணித மேதை இராமானுஜனின் தாய் கோமளத்தம்மாள் அத்தாயாரின் பக்தை. தம் கணிதமெல்லாம் நாமகிரியின் அருளே என்று இராமானுஜன் சொல்லிவந்ததால், கேம்பிரிட்ஜ் வரை அறியப்பட்ட பெயர் அது. நாமகிரி என்று ஒரு பெண்குழந்தைக்கு இன்று பெயர் வைத்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். திருச்செங்கோட்டுப் பாகம்பிரியாளும் அவ்வாறே. ஆனால் பாகம்பிரியாள் சற்று நீளம். விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்கமாட்டாள்.

படிவம் என்றதும் எங்கள் வீட்டுச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒலியொத்த பெயர்களால் வரும் தொல்லைக்கு அது நல்ல சான்று. எங்கள் ஆயாவின் பெயர் ஆதார் அட்டையில் பாவாயி. நிலத்தின் பழைய பத்திரத்தில் பாப்பாயி. இரண்டில் எது சரி என்று அவரைக் கேட்டால், "கூப்புடறவங்க வாயில எது வருதோ அதான்" என்பார். கைநாட்டு வைப்பவருக்கு எழுத்து எப்படியிருந்தால் என்ன? தாத்தா காலமானபின் வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் அலைந்தபோதுதான் வினை தெரிந்தது. ஓர் அலுவலகத்தில் பாவாயி வேறு, பாப்பாயி வேறு என்றார்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த இன்னொரு தாளிலோ, திருப்பித் தமிழில் படித்தால் 'பப்பாயி' என்று வந்தது. பப்பாளிக்கு அண்டைவீடு! 'இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, அதைச் சேர்த்துக் கொடுத்து, பட்டா கைக்கு வர பதினோரு மாதம் ஆயிற்று. அந்தப் படிவங்களையெல்லாம் நிரப்பியவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் அந்த வேலை எனக்கு வாய்த்தது.

அப்போது பத்திரத்தின் பழைய எழுத்தையும் பழகிக்கொண்டேன். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை 'னா', 'ணா' முதலிய எழுத்துகள் சுழித்துக் கீழிறங்கும் வடிவில் எழுதப்பட்டன. பொன்னாயி, சின்னாயி, கண்ணாயி என்னும் பெயர்களைப் பழைய பத்திரத்தில் படிக்கும் இன்றைய கணினி இயக்குநர் அந்தச் சுழியைக் கண்டு திகைப்பது இயற்கை. பெற்றோரின் பத்திரங்களை வைத்திருக்கும் நண்பர்கள் பட்டப்படிப்பு முடிவதற்குள் ஒரு முறை எடுத்து, வீட்டுப் பெரியவர்களின் பெயர் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நன்று. மாறியிருந்தால் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்வது எளிது.

சென்ற வைகாசியில் என் அண்ணனுக்குப் பெண்குழந்தை பிறந்தது. வழக்கப்படி ஆயாவின் பெயரை வைக்க வேண்டும் என்றார் அப்பா. அண்ணி 'ஷிகா' என்று முடியும் ஒரு பெயரைக் கைப்பேசியில் தேடி வைத்திருந்தார். நான் 'பாவை' என்றேன். ஆயியை எடுத்துவிட்டாலும் ஆயா அதற்குள் இருப்பார், கொல்லிமலையும் இருக்கும் என்று விளக்கினேன். அண்ணிக்கு அரைமனது. அண்ணன் வாய் திறக்கவில்லை. கடைசியில் மறுத்தது ஆயாதான். "எம் பேர வெச்சுட்டு அந்தப் புள்ளையும் ஆபீசு ஆபீசா அலையோணுமா கண்ணு? எளுத்துப் பிசகாத பேரா ஒண்ணு வையுங்க" என்றார். பாவை என்பது இரண்டே எழுத்து, யாராலும் பிசகாக எழுத முடியாது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த இரண்டு எழுத்தையும் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எங்கள் வீட்டுச் சான்றிதழில் பெயருக்குரிய இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. மாசியில் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். அதற்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று பூசாரி சொல்லியனுப்பியிருக்கிறார்.